கேக்கும் காப்பும்

மாசி மாதத்து மாலைப்பொழுது ஒன்றிலே, கடற்காற்று முற்றத்து வேம்பை மெல்ல அசைத்துக்கொண்டிருக்க, விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் இருந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் வந்து நின்றாள். கையிற் கிடந்த காப்புச் சோடியைக் கழற்றி, எனக்கு முன்னாலிருந்த சிறு மேசையில் வைத்தாள்.

"அப்பா, இதை நாளைக்கு அடைவு வைச்சுத் தாங்கோ" என்றாள்.

வீட்டில் ஒருவருக்கும் நோயில்லை. கடன்காரர் எவரும் படலையில் வந்து நிற்கவுமில்லை. பின் எதற்கு என்று கேட்டேன். பேர்த்திக்கு அடுத்த கிழமை ஏழு வயது நிறைகின்றது. அதைக் கொண்டாடுவதற்கு என்றாள்.

காரணத்தை அறிய அதிக நேரம் செல்லவில்லை. சென்ற மாதம் பேர்த்தியின் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குப் பட்டினத்து மண்டபம் ஒன்றிலே பிறந்தநாள் விழா நடந்தது. பலூன்களால் வளைவு, மூன்று தட்டுக் கேக், துள்ளி விளையாடுவதற்குக் காற்றடைத்த கோட்டை, வீடியோப் படம், விடைபெறும் பிள்ளைகளுக்குக் கைநிறையப் பரிசுப் பை. அந்த விழாவுக்குப் போய்வந்த என் மகள், ஒரு கொப்பித் தாளிலே தன் கணக்கையும் எழுதி வைத்திருந்தாள். மண்டப வாடகை, அலங்காரம், கேக், இராச்சாப்பாடு, படப்பிடிப்பு, உடுப்பு என்று வரிசையாகச் சென்று, அடியில் 125,000 ரூபா என்று முடிந்தது. மருமகன் பட்டினத்துக் கடையொன்றிலே கணக்கெழுதுபவர். அவர் எழுதும் கணக்கிலே பெரிய தொகைகள் வரும். வீட்டுக்கு வருவது சிறிய தொகை.

நான் தபாற்கந்தோரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்குப் பார்த்து இளைப்பாறியவன். ஒரு சதம் குறைந்தாலும் அது எங்கே போயிற்று என்று தேடாமல் வீடு திரும்பாத பழக்கம் எனக்கு. அந்தக் கொப்பித் தாளைக் கண்டதும், "விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் பிள்ளை" என்று தொடங்கினேன். பழமொழியை முடிக்க அவள் விடவில்லை.

"எனக்கு அஞ்சு வயசு எங்கை வந்ததெண்டு உங்களுக்கு நினைவிருக்கோ அப்பா?"

நான் வாய்மூடினேன். நினைவில்லாமலா?

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள். வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் வீடுவாசல்களை விட்டு, நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்த நாள். கொழும்புத்துறையிலிருந்து நாமும் அரியாலை வழியாக அந்தச் சனவெள்ளத்திலே சேர்ந்தோம். மகள் என் தோளில் இருந்தாள். இரண்டு கிழமை கழித்து அவளுக்கு ஐந்து வயது நிறைந்தபோது, தென்மராட்சிப் பாடசாலையொன்றின் வகுப்பறையிலே ஐந்து குடும்பங்களோடு நாமும் தங்கியிருந்தோம். அதற்கு முந்திய ஐந்தாண்டுகளும் பொருளாதாரத் தடையின் ஆண்டுகள். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் எட்டாத விலை, ஜாம் போத்தலிற் பஞ்சுத்திரி இட்டு எரித்த சிறு விளக்கே வீட்டுக்கு வெளிச்சம். ஆயினும் அந்த ஆண்டுகளில் வீடு என்று ஒன்று இருந்தது. அதுவும் இல்லாத அந்த நாளிலே, எங்கோ அலைந்து ஒரு குட்டான் பனங்கட்டி வாங்கி வந்தேன். என் மனைவி அதை உடைத்து அந்த அறையிலிருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் கிள்ளிக் கொடுத்தாள். பிறந்தநாட் பிள்ளைக்கு வந்தது ஒரு துண்டு.

அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பின் ஊர் திரும்பினோம். அந்தப் பனங்கட்டியைப் பற்றி அதன் பின் வீட்டில் ஒருவரும் பேசியதில்லை. ஒரு தகப்பனுடைய தோல்வி என்று நான் அதை மனத்தின் அடியிலே புதைத்திருந்தேன். மகளும் புதைத்துத்தான் வைத்திருந்தாள் என்பது அந்த மாலையிலேதான் எனக்குத் தெரிந்தது. அவள் எழுதிய 125,000 ரூபாவும் பேர்த்திக்கு மாத்திரம் உரியதன்று. இருபத்தொன்பது ஆண்டுக்கு முந்திய பாக்கி ஒன்றையும் அவள் அதிலே சேர்த்துத் தீர்க்க முயன்றாள்.

"காப்பு இண்டைக்கு இங்கேயே கிடக்கட்டும். எனக்கு மூன்று நாள் தவணை தா" என்றேன். சம்மதித்தாள், முகத்தில் நம்பிக்கை இல்லை.

அன்றிரவு நெடுநேரம் யோசித்தேன். என் இளமைக்காலத்திலே பிறந்தநாள் என்பது நட்சத்திரத்தைக் கொண்டு வருவது. பிறந்த மாதத்தில் அந்த நட்சத்திரம் கூடும் நாளில் தலைமுழுகி, புதுச்சட்டை அணிந்து, கோயிலில் அர்ச்சனை செய்து, வீட்டில் ஒரு பாயசம் வைத்தால் விழா முடிந்தது. ஆங்கிலத் தேதி பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கும் பாடசாலை இடாப்புக்கும் மட்டுமே வேண்டியிருந்தது. பின்னர் அந்தத் தேதியோடு கேக்கும் மெழுகுதிரியும் வந்து சேர்ந்தன.

வந்தவற்றை நான் வெறுப்பவன் அல்லன். கேக்கில் மெழுகுதிரி ஏற்றும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் இருந்தமைக்குச் சான்று உண்டு. உலகமெங்கும் பிறந்தநாளிற் பாடப்படும் அந்த ஆங்கிலப் பாட்டின் மெட்டோ இன்னும் எளிய பிறப்பு உடையது. அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகரிலே பாலர் வகுப்பு ஆசிரியையாக இருந்த பற்றி ஹில் என்பவரும் அவருடைய தமக்கை மில்ட்றெட் ஹில்லும், காலையில் வகுப்புக்கு வரும் குழந்தைகளை வரவேற்பதற்கென்று அதனை ஆக்கி 1893இல் அச்சிட்டனர். காலை வணக்கப் பாட்டு நாளடைவிலே பிறந்தநாட் பாட்டாயிற்று. அதன் பின் பெரும் வெளியீட்டு நிறுவனமொன்று அதற்கு உரிமை கொண்டாடி, படங்களிற் பாடுவோரிடம் நெடுங்காலம் பணம் வாங்கி வந்தது. 2015ஆம் ஆண்டு அமெரிக்க நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்று தீர்த்தது. அடுத்த ஆண்டு 14 மில்லியன் டொலர் இணக்கத் தொகையோடு வழக்கு முடிந்தது. குழந்தைகளை வரவேற்கப் பிறந்த பாட்டுக்கும் ஒரு காலத்தில் விலைச்சீட்டுத் தொங்கியது என்றால், மண்டபத்தை மட்டும் நொந்து என்ன பயன்?

இனி, நம்முடைய பண்டைய வழக்கங்களிலே குழந்தைக்கென்று விழா இல்லையா? உண்டு. யாழ்ப்பாணத்திலே பிள்ளைக்கு முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவிக்கின்றோம். அரிசிமாவிலே செய்த கொழுக்கட்டையின் ஓரத்தில் தேங்காய்ச் சொட்டைப் பல்லைப் போலப் பதிக்கின்றோம். பிள்ளையை இருத்தித் தலையைத் துணியால் மூடி, அதன்மேற் கொழுக்கட்டையைச் சொரிகின்றோம். முன்னாலே புத்தகம், பேனை, பொன் முதலியவற்றைப் பரப்பி, தவழ்ந்து சென்று எதை எடுக்கின்றது என்று எல்லாரும் மூச்சை அடக்கிப் பார்த்திருக்கின்றோம். ஆடிப்பிறப்பும் அப்படியே. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) அதனைப் பற்றிப் பாடிய பாட்டை அறியாத பிள்ளை இங்கே அரிது. அந்தக் கொண்டாட்டத்தின் செல்வமெல்லாம் கூழும் கொழுக்கட்டையுமே. மாவும் பனங்கட்டியும் தேங்காயும் நம் வளவிலும் அயலிலும் கிடைத்தவை. இவற்றை மலிவான விழாக்கள் என்று எவரும் சொன்னதில்லை. பிள்ளை நடுவிலே இருந்தது. உறவினர் சுற்றி நின்றனர். அதற்குமேல் ஒன்றும் குறைந்ததாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் இப்படியெல்லாம் பிரசங்கம் செய்து மகளை மடக்கலாம். ஏழு வயதுப் பிள்ளையை மடக்க முடியுமா? அதனிடமே கேட்பது என்று முடிவு செய்தேன். மறுநாட் காலை பேர்த்தியை அழைத்து, "உனக்குப் பிறந்தநாளுக்கு என்னென்ன வேணும்? எல்லாத்தையும் எழுது" என்று தாளும் பென்சிலும் கொடுத்தேன். அவள் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு அரைமணி நேரம் எழுதினாள்.

அந்தப் பட்டியலில் முதலில் இருந்தவை பெயர்கள். வகுப்பிலே பதினான்கு, அயலிலே எட்டு, எல்லாமாக இருபத்திரண்டு. அதன்கீழ், "றோசாப்பூ வைச்ச கேக்". அதன்கீழ், "கேக்கை நான்தான் குடுப்பன்". அதன்கீழ், "கிளித்தட்டு". கடைசியாக, "இருட்டும் வரைக்கும் விளையாட விட வேணும்". மண்டபம் இல்லை, வீடியோ இல்லை, இராச்சாப்பாடு இல்லை. காற்றடைத்த கோட்டையை முதலில் எழுதிப் பிறகு வெட்டியிருந்தாள். ஏனென்று கேட்டேன். "அதிலை சின்னப்பிள்ளையள் மிதிபடுவினம்" என்றாள். உண்மைக் காரணம் அதுவோ, வீட்டு நிலைமையை அறிந்து வெட்டினாளோ, நான் அறியேன். அந்த வெட்டுக் கோட்டைக் கண்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்தத் தாளை மகளிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தாள். "சரி அப்பா, இதை வைச்சே செய்வம்" என்றாள். பின் நால்வரும் அமர்ந்து திட்டமிட்டோம். அதன் விபரத்தை இங்கே எழுதுவது, என்னைப் போல் மேசைமேற் காப்பைக் கண்டு திகைத்து நிற்கும் வேறு தாத்தாமாருக்கும் தாய்மாருக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தினாலேயாம்.

முதலாவது, நேரம். சனிக்கிழமை மாலை 4 மணி தொடக்கம் பொழுது படும்வரை என்று வைத்தோம். மதியச் சாப்பாட்டுக்கும் இராச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரமாதலால், வருவோர் சிற்றுண்டியோடு மனநிறைவு கொள்வர். விழாச் செலவில் மிகப் பெரிய பங்கு சாப்பாடு. நேரத்தை மாற்றிய மாத்திரத்தில் அது பட்டியலை விட்டுப் போயிற்று.

இரண்டாவது, இடம். எங்கள் முற்றமே போதும் என்றேன். மகள், "இந்தச் சின்ன முற்றத்திலையோ?" என்று தயங்கினாள். யோகர் சுவாமிகள் இருந்த ஊர் இது. 1964இல் அவர் மறையும் வரை, எங்கெங்கிருந்தோ வந்தவர்களெல்லாம் இங்கே ஒரு சிறு குடிலைத்தான் தேடி வந்தார்கள் என்று நினைவூட்டினேன். அவள் சிரித்தாள், அந்தக் கிழமையில் முதற்சிரிப்பு. மருமகன் முற்றத்தைச் செதுக்கினார். குருத்தோலை வெட்டித் தோரணம் பின்னினோம். பலூன் பதினைந்து மாத்திரம் வாங்கினோம். அவை அலங்காரத்துக்கல்ல, உடைப்பதற்கு.

மூன்றாவது, கேக். இதில் நான் கையை இறுக்கவில்லை. பிள்ளை கேட்டது றோசாப்பூ வைத்த கேக். அதற்குப் பதிலாகக் கொழுக்கட்டையைக் காட்டி ஏமாற்றுவது சிக்கனமன்று, அநியாயம். ஆனால் 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் கேக்கின் விலை பழைய விலை அன்று. அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்துக்கு ஏறியது. அதாவது, ஓராண்டுக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருளுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. பணவீக்கம் பின்னர் இறங்கிவிட்டது என்று செய்திகள் வந்தபோது பலர் மகிழ்ந்தனர். ஆனால் பணவீக்கம் இறங்குவது விலை ஏறும் வேகம் குறைவதேயன்றி, ஏறிய விலை திரும்பி இறங்குவதன்று. ஏணியில் ஏறியவன் மேலே நின்று இளைப்பாறுவது போன்றது அது. ஆகவே கேக்கை வீட்டிலே செய்தோம். மா அரைக்கிலோ, சீனி அரைக்கிலோ, பட்டர் கால்கிலோ, மாஜரின் கால்கிலோ, முட்டை பத்து. எங்களிடம் போறணை இல்லை. பெரிய பாத்திரத்தில் மணலைப் பரப்பிச் சூடேற்றி, அதனுள்ளே தட்டை வைத்து மூடி வேகவைப்பது என் மனைவி பழைய நாட்களிற் கைக்கொண்ட முறை. றோசாப்பூவை, ஐசிங் வேலை பழகும் அயல்வீட்டுப் பெண்பிள்ளை வந்து வைத்துக் கொடுத்தாள். ஒரு பூ சற்றே முட்டைக்கோவா போலிருந்தது. பேர்த்தி அதைத்தான் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டாள்.

நான்காவது, பலகாரம். அந்நாட்களிற் தேங்காய்க்குத் தட்டுப்பாடு. விலை உச்சத்தில் நின்றது. ஆதலால் தேங்காயை நம்பிய பண்டங்களை விலக்கினோம். ஒன்றரைக்கிலோ கடலையை முதல்நாளே ஊறவிட்டு அவித்துத் தாளித்தோம். ஒரு கிலோ பருப்பில் வடை சுட்டோம். மாசி பனங்கிழங்கின் காலம். பெரியவர்களுக்கு அவித்த கிழங்கு வைத்தோம். குடிப்பதற்குத் தேசிக்காய்த் தண்ணீர்.

ஐந்தாவது, விடைபெறும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பை. இதுவே எல்லாவற்றிலும் சிக்கலானது. பிற வீடுகளிற் பெற்ற பிள்ளைகள் இங்கேயும் எதிர்பார்ப்பது இயல்பு. பனையோலைச் சிறு குட்டான்கள் இருபத்தைந்து பின்னுவித்து, அவற்றுள் ஏதேனும் இனிப்பு வைக்கலாம் என்றேன். எல்லாருக்கும் பிடித்தது. "பனங்கட்டியே வைக்கலாம்" என்று யோசனையின்றிச் சொல்லிவிட்டேன்.

"அது மட்டும் வேண்டாம் அப்பா" என்றாள் மகள்.

அதன்பின் ஒருவரும் பேசவில்லை. என் மனைவி எள்ளுருண்டை பிடித்து வைத்தாள்.

அழைப்பிதழைப் பேர்த்தியே கொப்பித் தாளை இரண்டாகக் கிழித்துத் தன் கையால் எழுதினாள். பரிசு ஒன்றும் கொண்டுவர வேண்டாம் என்று பெற்றோரிடம் வாயாற் சொல்லி வைத்தோம். இன்று வாங்கும் பரிசு நாளை நாம் கொடுக்க வேண்டிய கடன்; எங்களைப் போன்றவர்க்கு அது கண்ணுக்குத் தெரியாத செலவு.

சனிக்கிழமை வந்தது. இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பிள்ளைகள் வந்தனர். யானைக்குக் கண் வைத்தல், தேசிக்காயும் கரண்டியும், சங்கீதக் கதிரை என்று மருமகன் விளையாட்டுகளை நடத்தினார்; வென்றவர்க்குப் பென்சிலும் கொப்பியும். எல்லாம் குறைவின்றி நடந்தது என்று சொல்ல மாட்டேன். "துள்ளுற கோட்டை எங்கை?" என்று ஒரு பையன் வந்ததும் வராததுமாகக் கேட்டான். ஒரு தாய், "மண்டபம் ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். மகளின் முகம் வாடியதைக் கண்டேன். கை தானாகவே வெறும் மணிக்கட்டைத் தடவியது. காப்பை அவள் இன்னும் எடுத்து அணியவில்லை. விழா எப்படி முடிகின்றது என்று பார்த்துத்தான் அணிவாள் போலும்.

கேக் வெட்டியபின் கிளித்தட்டுக்குக் கோடு கீறினோம். மிகுதியை நான் வருணிக்க வேண்டியதில்லை. கிளித்தட்டு மறித்து வளர்ந்தவர்கள் அறிவார்கள். கோட்டையைத் தேடிய பையன்தான் கடைசிவரை கிளியாக நின்றான். தகப்பன் வந்து கூப்பிட்டும் போகவில்லை. மண்டபத்தை விசாரித்த தாயும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு தட்டு மறித்தாள். எதிர்க்கரைப் பூநகரிப் பக்கம் வானம் கறுத்து, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமற் போகும் வரை முற்றம் அடங்கவில்லை. பட்டியலின் கடைசி வரியும் நிறைவேறியது.

எல்லாரும் போனபின் விறாந்தையில் இருந்தோம். மிஞ்சிய குட்டானொன்றை மடியில் வைத்துக்கொண்டு பேர்த்தி தாயைக் கேட்டாள்:

"அம்மா, உங்களுக்கு அஞ்சு வயசு வரேக்கை என்ன கேக் வெட்டினனீங்கள்?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மகள் சிறிது நேரம் மௌனமாக இருந்தாள். பின்னர், நான் அறிய முதன்முறையாக, அந்த நாளைச் சொன்னாள். நடந்ததைச் சொன்னாள், பாலத்தைச் சொன்னாள், பாடசாலையைச் சொன்னாள், கேக் இல்லை, ஒரு குட்டான் பனங்கட்டிதான் என்று சொன்னாள். பேர்த்தி கண்ணிமைக்காமற் கேட்டாள். கேட்டு முடிந்ததும் அவளுக்கு ஒரேயொரு சந்தேகம்.

"எத்தினை பிள்ளையள் வந்தவை?"

மகள் யோசித்தாள். விரல்விட்டு எண்ணினாள். "அந்த அறையிலை இருந்த எல்லாரும். பக்கத்து அறைப் பிள்ளையளும் வந்தவை. ஒரு இருபத்தஞ்சு, முப்பது பேர் இருக்கும்."

"அப்ப என்ரையிலும் பார்க்கக் கூட!" என்றாள் பேர்த்தி. அவள் குரலிற் சிறிது பொறாமையும் இருந்தது.

மகள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இருவரும் இத்தனை ஆண்டுகளாகக் கேக்கையே எண்ணிக்கொண்டிருந்தோம், வந்தவர்களை எண்ணவில்லை.

அன்றிரவு கணக்கை எழுதி முடித்தேன். குட்டான், பென்சில், மெழுகுதிரி எல்லாம் உட்பட 9,350 ரூபா. கணக்குப் புத்தகத்தை வைக்க மேசையடிக்குப் போனபோது அங்கே காப்புச் சோடி இல்லை. உள்ளே, பாத்திரங் கழுவும் ஓசையோடு, அது ஒன்றோடொன்று உரசும் ஓசையும் கேட்டது.